மூவாயிரம் அடிக்கு ஒன்றரை

தூத்துக்குடியிலிருந்து மச்சான் போனிபாஸ் அனுப்பிய அட்டவணையில்
நாலு டிகிரிக் குளிருக்குப் பன்னிரண்டு என்றிருந்தது.
பன்னிரண்டு பிஎஸ்ஐ. பத்து நாள்.
கை வைக்காதே என்று கீழே எழுதியிருந்தான்.

பகலெல்லாம் ஓசூர் சிப்காட்டில்
அடுத்தவர் மானிகளின் பொய்யைத் திருத்துகிறவன் நான்.
ஊசி எங்கே நிற்கவேண்டும் என்று
எனக்கா சொல்கிறான்?

கேழ்வரகை முளைகட்டி வறுத்து
பார்லியோடு கலந்து
மூன்று வாரம் கட்டிலடியில் புளித்தது.
இன்னும் பத்து நாளா?
முப்பதில் வைத்தேன்.
கெக்கை மடியில் கிடத்தி
பாகலூர் ரோட்டு ஷேர் ஆட்டோ மாதிரி குலுக்கினேன்.

மறுநாள் குழாயைத் திறந்தால் நுரை.
டம்ளரில் நுரை, குண்டாவில் நுரை,
ரெஜினாவின் நைட்டியில் நுரை.
அடியில் ஒரு மடக்கு பீர்.
"இத குடிக்கணுமா, இதால சவரம் பண்ணணுமா?" என்றாள்.

ஏற்றியதை இறக்க மூடியில் ஒரு வளையம் உண்டு.
இழுத்தால் சீறும்.
மணிக்கொரு தரம் இழுத்தேன்.
நாலாவது சீறலுக்கு
கீழ்வீட்டு நஞ்சுண்டப்பா மேலே வந்துவிட்டார்,
வீட்டுக்காரர்.
பிரிட்ஜ் ஓரம் நின்ற சிலிண்டரைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"மீன் தொட்டிக்கு சார்.
தண்ணிச் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடணும்."

"மீன் எங்க?"

"நாளைக்கு வருது."

வந்தது.
கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் பாசி,
நீலக்கோடு போட்ட ஏழு குட்டி மீன்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

தொட்டிக்கு நீர் ஊற்றும்போதுதான் உறைத்தது.
மானி காட்டுவது உள்ளிருப்பதை அல்ல,
வெளிக்காற்றை விட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை.
போனிபாஸ் வீட்டு வாசலில் கடல்.
நான் மூவாயிரம் அடி மேலே,
காற்று மெலிந்த ஊரில்.
ஆயிரம் அடிக்கு அரை கூட்ட வேண்டும்.
ஆய்வகப் படிவத்தில்
'சுற்றுப்புறக் காற்றழுத்தம்' என்றொரு கட்டம் இருக்கிறது.
பதினோரு வருடமாக நிரப்புகிறேன்.

பன்னிரண்டும் ஒன்றரையும்.

திருகை முழுக்கத் தளர்த்தி
பூச்சியத்திலிருந்து ஏற்றினேன்,
மேலிருந்து இறக்கினால் ஊசி கொஞ்சம் ஏமாற்றும்.
பூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி
குமிழி விடவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.
ஒன்றரை அடிக் குழாயைக் கழற்றி எறிந்து
மூன்று மீட்டர் குழாயைச் சுருட்டி வைத்தேன்.
வரும் வழியிலேயே வேகம் தேயட்டும்.

ஆறாம் நாள் சனிக்கிழமை.
மின்வாரியப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து.
குளிர் விட்டால் பீர் வாங்கியதைத் திருப்பித் தரும்.
பிரிட்ஜ் கதவில் ரெஜினா செல்லோடேப் ஒட்டிவிட்டாள்.
மதியம் மூன்றுக்கு
ஊசி நூலளவு ஏறியது.
என் கை திருகை நோக்கிப் போனது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாள்.
கையை மடக்கி
மீனுக்குத் தீனி போட்டேன்.
அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை போட்டேன்.

பத்தாம் நாள் இரண்டு விரல் நுரை.
அதற்குக் கீழே கேழ்வரகுக் களியின் நிறத்தில்
கண்ணாடி நிறையப் பீர்.
ஊசிமுனைக் குமிழிகள் அவசரமில்லாமல் ஏறின.
ரெஜினா குடித்தாள்.
"கசப்பு கொஞ்சம் கூட" என்றாள்.
இன்னொரு தரம் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டப்பா மீன் பார்க்க வந்தார்.
இப்போது சிலிண்டரிலிருந்து தொட்டிக்கும் நிஜமாகவே
ஒரு மெல்லிய குழாய் போகிறது,
நொடிக்கொரு குமிழி.
"செடி நல்லா வந்திருக்கே" என்றார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
மீன்களோடு போய்த் திரும்பிய அவர் கண்
இன்னொரு குழாயைப் பிடித்துக்கொண்டு
மெதுவாக பிரிட்ஜ் வரை நடந்தது.

"அது?"

ஊசி பதிமூன்றரையில் நின்றது.